பத்து பத்துக்கு உட்காரும் வெளிச்சம்

கோகிலம் கட்டுப்பாட்டு அறைக்குள் வந்தபோது அவள் கையில் ஒரு பிளாஸ்க் இருந்தது. புருஷனைக் காணோம் என்று தேடி வந்தவள் பிளாஸ்க்கை எதற்குத் தூக்கிக்கொண்டு அலைகிறாள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. வந்தவுடனே கேட்டிருந்தால் ஒரு உயிர் தப்பியிருக்கலாம். அப்போது அந்த அறையில் இருந்த குமுதினி பிற்பாடு இதைப் பல தடவை நினைத்து நினைத்து மறுகினாள்.

புதன்கிழமை காலை ஒன்பதரை மணி. நீலகிரிச் சரிவில் இருக்கும் கூர்முடி மலையை அன்றைக்கும் பனிமூட்டம் போர்த்தியிருந்தது. மலைக்கு அடியில், பாறையைக் குடைந்த பெரிய மண்டபத்தில், நாலு டர்பைன்கள் சுற்றி மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்தன. மண்டபத்திலிருந்து பல திசைகளில் சுரங்கங்கள் பிரிந்து ஓடின. மொத்தம் பதினொரு கிலோமீட்டர். அவற்றில் ஒன்று வடிகால் சுரங்கம். பாறையில் கசிகிற தண்ணீர் வடிந்து போவதற்காக வெட்டியது. தினமும் காலை ஷிப்டில் ஒரே ஒருவர் மலையின் மறுபக்க வாசல் வழியாக அதற்குள் போய், கசிவையும் விரிசலையும் பார்த்துவிட்டு இரண்டு மணிக்குத் திரும்புவார். அந்த ஒருவர்தான் கோகிலத்தின் கணவர் அங்கமுத்து.

"திங்கக்கிழமை காலைல போனவரு. இன்னும் வீடு வந்து சேரலை," என்றாள் கோகிலம். "அன்னிக்கு டபுள் ஷிப்டா இருக்கும்னு விட்டுட்டேன். நேத்து மெயின் கேட்டுல கேட்டா, உள்ள இருக்காருன்னாங்க. சாயங்காலம் திரும்பப் போய்க் கேட்டா, ரெண்டு மணிக்கே வெளிய வந்துட்டாரு, வேற எங்கயாச்சும் தேடிப் பாருங்கன்னாங்க. எங்க தேடச் சொல்றாங்கன்னு எனக்குப் புரியாம இல்ல. அந்தக் குடியையெல்லாம் அவரு விட்டு ஆறு வருஷமாச்சு."

கட்டுப்பாட்டு அறையின் ஆப்பரேட்டர் ஆல்வின் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான். குன்னூர்க்காரன், முப்பது வயது, எல்லாருக்கும் நல்லவன்.

"பயப்படாதீங்கம்மா. இதோ பாருங்க, முப்பத்தேழு. உங்க வீட்டுக்காரர் நம்பர்தானே? வடிகால் சுரங்கத்துல நடந்துக்கிட்டு இருக்கார்."

சுவர் முழுக்க ஒரே திரை. அதில் கூர்முடி மலை கண்ணாடியில் வார்த்ததுபோல நின்றது. உள்ளே சுரங்கங்கள் நீலக் கோடுகளாகத் தெரிந்தன. ஓடும் தண்ணீர் பச்சை. பாறையின் அழுத்தம் கூடுகிற இடங்களில் லேசாகச் சிவப்பு படர்ந்திருந்தது. ஆட்கள் மஞ்சள் வெளிச்சப் புள்ளிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஊழியர் எண். கூர்முடியில் எல்லாரும் இதைப் படம் என்றுதான் சொல்வார்கள். மூன்று வருடம் உட்கார்ந்து அந்தப் படத்தைச் செய்தவள் குமுதினி. கோயம்புத்தூர்க்காரி, நாற்பத்தொரு வயது. விஞ்ஞானக் கணக்குகளைக் கண்ணால் பார்க்கிற மாதிரி வரைந்து கொடுப்பது அவள் தொழில். அந்தத் தொழிலில் தன்னைவிடக் கைகாரி கிடையாது என்ற எண்ணமும் அவளுக்குக் கொஞ்சம் உண்டு.

"இது கேமராவா அம்மா?" என்று கோகிலம் அவளைக் கேட்டாள்.

"இல்லக்கா. அந்த ஈரத்துல கேமரா தாங்காது. சுரங்கச் சுவர் நெடுக ஒரு கேபிள் போகுது. உள்ள முடி மாதிரி மெல்லிசா ஒரு கண்ணாடி இழை. அதுல வெளிச்சம் ஓடிக்கிட்டே இருக்கும். பக்கத்துல யாராவது நடந்தா அந்த வெளிச்சம் துளியூண்டு நடுங்கும். அந்த நடுக்கம் எங்களுக்கு எண்ணா வந்து சேரும். ஒவ்வொருத்தர் நடையும் ஒவ்வொரு மாதிரி இல்லையா? அதை வச்சு ஆள் யாருன்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சிடும். வெறும் எண்ணைப் பார்த்தா யாருக்கும் ஒண்ணும் புரியாது. அதைப் படமா ஆக்குறதுதான் என் வேலை."

"அப்ப இது அவரோட காலடியா?"

"ஆமாக்கா. அவர் காலடிதான்."

பொய் சொல்கிறோம் என்று குமுதினிக்கு அப்போது தோன்றவே இல்லை. சரியாகச் சொன்னால், மறந்துபோயிருந்தாள்.

அந்த மறதிக்கு இரண்டு வயது. படம் ஓடத் தொடங்கிய புதிதில் அதில் ஒரு குறை இருந்தது. டர்பைன் மண்டபத்தை ஒட்டிய சில மீட்டர் தூரத்துக்குக் கேபிளுக்கு டர்பைன் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்காது. அங்கே போகும் ஆட்களின் புள்ளிகள் சட்டென்று அணைந்து, கொஞ்சம் தள்ளி மறுபடியும் எரியும். அந்தச் சமயத்தில் பெரிய ஆய்வுக் குழு ஒன்று வருவதாக இருந்தது. ஆய்வு என்றால் நம் ஊரில் சுவருக்கு வெள்ளை அடிப்பது வழக்கம். கூர்முடியில் படத்துக்கு அடித்தார்கள்.

"ஆள் திடீர்னு காணாமப் போறான், திடீர்னு வர்றான். பார்க்கிறவங்க என்ன நெனைப்பாங்க?" என்றார் நிலையத்தின் தலைமைப் பொறியாளர் ஞானசுந்தரம். "படத்துல ஓட்டை இருக்கக் கூடாது குமுதினி."

குமுதினி ஒரு சின்னக் கணினி நிரல் எழுதினாள். அதற்கு நிரப்பி என்று பெயர். கேபிள் பேசாத இடத்தில், அந்த ஆள் அந்த நேரத்தில் வழக்கமாக என்ன செய்வாரோ அதை நிரப்பி வரைந்துவிடும். ஒவ்வொருவருடைய மாதக்கணக்கான நடையையும் படித்து அது பழகி வைத்திருந்தது. குமுதினி அதில் ஒரு நேர்மையும் வைத்திருந்தாள். கேபிள் சொன்னதை நிறைந்த வட்டமாகவும், நிரப்பி ஊகித்ததை உள்ளே ஒன்றுமில்லாத வெற்று வட்டமாகவும் வரைந்தாள். பார்க்கிறவருக்கு எது தெரிந்தது, எது ஊகம் என்று பிரித்துக் காட்டுவதுதான் அவள் தொழிலின் அரிச்சுவடி.

ஞானசுந்தரத்துக்கு அது பிடிக்கவில்லை. "ரெண்டு மாதிரி எதுக்கு? குழுவுல ஒருத்தர் இது என்ன வெறும் வட்டம்னு கேட்டாருன்னா அரை மணி நேரம் விளக்கணும். எல்லாத்தையும் ஒண்ணா ஆக்கிடுங்க."

"சார், அப்புறம் வித்தியாசம் தெரியாமப் போயிடும்."

"தெரியக் கூடாதுன்னுதானே சொல்றேன்."

வாயால் சொன்னது போதாதென்று மின்னஞ்சலிலும் அனுப்பினார். நிரலில் ஒரே ஒரு வரிதான். குமுதினி அதை அழித்தாள். ஆய்வுக் குழு படத்தைப் பார்த்துவிட்டுக் கைதட்டியது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. சுரங்கத்துக்குள் போகிற ஒவ்வொருவரும் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை வாசல் பலகையின் ஆணியில் மாட்டிவிட்டுப் போய், வெளியே வரும்போது எடுத்துக்கொள்வது அங்கே முதல் நாளிலிருந்து இருந்த பழக்கம். படம் இருக்கும்போது வில்லை எதற்கு என்று பலகையைக் கழற்றினார்கள். மறுபக்க வாசலில் இருந்த காவலாளியை வேறிடத்துக்கு மாற்றினார்கள். வடிகால் சுரங்கத்துக்கு எப்போதும் இரண்டு பேர் சேர்ந்துதான் போவார்கள். அதையும் ஒன்றாகக் குறைத்தார்கள். "படம்தான் ரெண்டாவது ஆள்," என்று ஞானசுந்தரம் கூட்டத்தில் சொன்னார். குமுதினிக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது.

கோகிலம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு முப்பத்தேழாம் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நீலக் கோட்டுக்குள் சீராக ஊர்ந்தது. புருஷன் வேலை செய்கிற இடத்தை முப்பது வருடத்தில் முதல் தடவையாக அன்றுதான் பார்க்கிறாள். ஷிப்டு முடிந்து ஆள் வெளியே வந்ததும் கையோடு கூட்டிப் போகலாம், அதுவரை இங்கேயே இருங்கள் என்று ஆல்வின் சொல்லியிருந்தான். அவள் தலையாட்டினாளே தவிர முகம் தெளியவில்லை.

மணி பத்து பத்து. புள்ளி நின்றது.

"ஏன் நின்னுட்டாரு?"

ஆல்வின் சிரித்தான். "டீ நேரம்மா. தினமும் கரெக்டா பத்து பத்துக்கு அந்த இடத்துல உட்காருவார். பன்னிரண்டு நிமிஷம். அவரைப் பார்த்துதான் எங்களுக்கே டீ ஞாபகம் வரும்."

கோகிலம் திரையைப் பார்த்தாள். பிறகு குனிந்து மடியைப் பார்த்தாள்.

"பிளாஸ்க் இங்க இருக்கே," என்றாள்.

பிளாஸ்க்கை ஆல்வினிடம் தூக்கிக் காட்டினாள்.

"திங்கக்கிழமை மறந்து வச்சிட்டுப் போயிட்டாரு. எங்க இருந்தாலும் டீ இல்லாம தலைவலியோட இருப்பாரேன்னுதான் போட்டு எடுத்துக்கிட்டு வந்தேன். பிளாஸ்க் இல்லாம அங்க உட்கார்ந்து என்னத்தைக் குடிக்கிறாரு?"

திரையில் புள்ளி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"முட்டி வேற வலிக்குது அவருக்கு. பத்து நாளா வீட்டுப் படி ஏறவே சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வர்றாரு. இவரு நல்லா நடக்குறாரும்மா. இது அவரு இல்ல."

ஆல்வினின் சிரிப்பு முகத்திலேயே உறைந்து கிடந்தது. மூன்று பேரும் அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மலைக்குள் யாரோ இல்லாத டீயை நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு நிமிஷம் அக்கா," என்று சொல்லிவிட்டுக் குமுதினி பக்கத்திலிருந்த தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அப்போது மணி பத்து பன்னிரண்டு.

ஆல்வினிடம் அங்கேயே இரண்டு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஆளை அனுப்புங்கள். அவ்வளவுதான். ஆனால் அவளுக்கு முதலில் நிச்சயமாகத் தெரிய வேண்டியிருந்தது. தன் கணினியில் மட்டும் அந்தப் பழைய வரியைத் திரும்ப எழுதினாள். படம் கண்முன்னே மாறியது. வடிகால் சுரங்கத்தில், மண்டபத்திலிருந்து எண்பதாவது மீட்டருக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. முப்பத்தேழு ஒரு வெற்று வட்டம். கேபிள் திங்கட்கிழமை காலை ஒன்பது ஆறுக்கு அறுந்திருந்தது. அறுந்த நிமிடத்திலிருந்து, அந்த இடம் தொடங்கி மறுபக்க வாசல் வரை மூன்று கிலோமீட்டரும் நிரப்பி வரைந்ததுதான். உள்ளே போனது, வெளியே வந்தது, டீ குடித்தது எல்லாமே. கேபிள் பேசாமல் போனால் அடிக்க வேண்டிய அலாரமும் அடிக்கவில்லை. படத்தில் ஓட்டை விழுந்தால்தான் அது அடிக்கும். ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்ளத்தான் நிரப்பி இருந்ததே.

தெரிந்துபோயிற்று. அப்போதும் அவள் எழுந்திருக்கவில்லை. நிரலில் வேறு தவறாக இருக்குமோ என்று இன்னொரு தடவை பார்த்தாள். மூன்றாம் தடவையும் பார்த்தாள். பிறகு இரண்டு வருடத்துக்கு முந்தைய ஞானசுந்தரத்தின் மின்னஞ்சலைத் தேடி எடுத்து, அதற்கு ஒரு நகல் எடுத்து வைத்தாள். ஆளை அனுப்பச் சொல்வதற்கு முன்னால் அதைச் செய்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் கோகிலத்தின் கண்ணெதிரே அந்த வெளிச்சம் பத்து இருபத்திரண்டுக்கு எழுந்து, நல்ல காலோடு நடக்கத் தொடங்கியிருந்தது.

குமுதினி கதவைத் திறந்து வெளியே வந்தபோது மணி பத்து ஐம்பத்திரண்டு. நாற்பது நிமிடம்.

ஆறு பேர் ஓடினார்கள். எண்பதாவது மீட்டரில் கூரைப் பாறை சரிந்து வழியை அடைத்திருந்தது. கல்லை அகற்றி உள்ளே போவதற்குள் பன்னிரண்டரை ஆகிவிட்டது. அங்கமுத்துவின் வலது கால் தொடை வரைக்கும் பாறைக்கு அடியில் இருந்தது. பாறையைத் தட்டிப் பார்க்க அவர் எப்போதும் எடுத்துப்போகும் சின்னச் சுத்தியல் கைக்குள்ளேயே இருந்தது. உடம்பு இன்னும் முழுக்க ஆறவில்லை. உயிர் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்காது என்றார் டாக்டர்.

சுத்தியல் ஏன் கையில் இருந்தது என்று குமுதினிக்கு மறுநாள்தான் உறைத்தது. கேபிள் அனுப்பிய மூல எண்களை, எதையும் வடிகட்டாமல், அறுந்த முனையிலிருந்து வரைந்து பார்த்தாள். கருப்புத் திரையில் வெள்ளை முட்கள் வரிசையாக முளைத்தன. மூன்று. இடைவெளி. மூன்று. இடைவெளி. திங்கட்கிழமை ஒன்பதரைக்கு ஆரம்பித்து, செவ்வாய் முழுக்க, அவ்வப்போது ஓய்ந்து ஓய்ந்து. கேபிள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது. நிரல்தான் தள்ளிவிட்டது. முப்பத்தேழாம் எண் அங்கே இல்லை, அவர் ஒரு கிலோமீட்டர் தள்ளி நடந்துகொண்டிருக்கிறார், இல்லாவிட்டால் வெளியே போய்விட்டார், ஆகவே இது ஆள் செய்யும் சத்தம் இல்லை, இயந்திர இரைச்சல் என்று அது முடிவு கட்டியிருந்தது. புதன்கிழமை காலையில் முட்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன. கடைசி மூன்று விழுந்தது பத்து நாற்பத்தொன்றுக்கு.

பத்து பன்னிரண்டுக்கே சொல்லியிருந்தாலும் கல்லை அகற்றிப் போய்ச் சேர்வதற்குள் அவர் போயிருப்பார். இந்தக் கணக்கைக் குமுதினி போடாமல் இல்லை. ஆனால் ஓடிப்போனவர்கள் இந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்கு மூன்று தட்டாவது தட்டியிருப்பார்கள். யாரோ வருகிறார்கள் என்று தெரிந்துகொண்டு அந்த மனுஷர் கண்ணை மூடியிருப்பார்.

ஞானசுந்தரம் கெட்டவர் இல்லை. சாவு வீட்டில் முதல் ஆளாக நின்றார், பாடையைத் தூக்கத் தோளும் கொடுத்தார். ஆனால் விசாரணை என்று வந்ததும் அவர் நாற்காலி அவரைப் பிடித்துக்கொண்டது.

"கேபிள் அறுந்தது இயற்கை. படத்துல தப்பு இல்லைன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. உங்களுக்கும் நல்லது."

"வெற்று வட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்துடலாம் சார். அது ஒண்ணு போதும்."

"இப்ப கொண்டுவந்தா, இத்தனை நாள் இல்லைன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். யோசிச்சுப் பேசுங்க."

குமுதினி ஒரு வரிக்குப் பதிலாக ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அழித்த வரி, மின்னஞ்சல், தட்டிய சத்தம், தான் வீணடித்த நாற்பது நிமிடம் எல்லாம் அதில் இருந்தன. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டார்கள். அதன் பிறகு அந்தப் பக்கங்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மாத முடிவோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது என்று மட்டும் கடிதம் வந்தது.

இதற்கிடையில் அறுந்த கேபிளைச் சரிசெய்யப் பல நாள் ஆயிற்று. அத்தனை நாளும் முப்பத்தேழாம் எண் வேலைக்கு வந்தது. காலை ஆறு மணிக்கு உள்ளே போகும். பத்து பத்துக்கு உட்காரும். இரண்டு மணிக்கு வெளியே வரும். அந்த எண்ணை எடுத்துவிடும்படி நிர்வாகம் சொல்லியிருந்தது. குமுதினிக்குத்தான் கை வரவில்லை.

"மேடம், அதை நிறுத்திடுங்க," என்றான் ஆல்வின். "பத்து மணி ஆனா எல்லாரும் திரைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்றோம். புதைச்சிட்டு வந்த கையோட அவரைப் பார்க்க முடியலை."

தொழிலாளர்கள் யாரையும் கேட்காமல் பழைய பித்தளை வில்லைப் பலகையைத் தேடி எடுத்து வாசலில் மாட்டினார்கள். உள்ளே போகிறவர்கள் மறுபடியும் வில்லையை மாட்டத் தொடங்கினார்கள். முப்பத்தேழாம் வில்லையும் ஒரு ஆணியில் தொங்கியது. அதை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மதியம் குமுதினி கோகிலத்தின் வீட்டுக்குப் போனாள். விருந்தாளிகள் போயிருந்தார்கள். கோகிலம் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். குமுதினி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று மூன்றாகத் தட்டியதையும் சொன்னாள். நாற்பது நிமிடத்தையும் சொன்னாள்.

கோகிலம் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இதை ஏன்மா என்கிட்ட சொல்றீங்க? நான் இதைக் கொண்டுபோய் எங்க வைப்பேன்?"

குமுதினி அழுதாள். கோகிலம் அவளைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. மிச்சம் இருந்த ஒரு அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அந்த வெளிச்சம் இன்னும் இருக்கா?"

"இருக்குக்கா. எடுத்துடச் சொல்லியிருக்காங்க."

"இன்னும் நடக்குதா?"

"ஆமா."

"முட்டி வலியோட எத்தனை நாளைக்கும்மா நடப்பாரு?" என்றாள் கோகிலம். அப்போதுதான் அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது. "எடுக்கிறதுன்னா எடுங்க. அதுக்கு முன்னால ஒரு தடவை அவரை உட்காரச் சொல்லுங்க."

குமுதினி கூர்முடியை விட்டுக் கிளம்புவதற்கு முதல் நாள் அங்கமுத்துவின் நடை முழுவதையும் நிரப்பியிலிருந்து அழித்தாள். அன்று சாயங்காலம்தான் அறுந்த கேபிளையும் இணைத்து முடித்தார்கள். மறுநாள் காலை பத்து பத்துக்கு ஆல்வின் பயந்துகொண்டே திரையைப் பார்த்தான். வடிகால் சுரங்கம் வெறுமையாக இருந்தது. அவனுக்கு மூச்சு வந்தது.

பையோடு விடைபெற வந்த குமுதினி அவனைத் தனியாக அழைத்தாள். "ஆல்வின், என்னைக்காவது அங்கமுத்து அண்ணனைத் திரையில பார்த்தீங்கன்னா, அவர் எங்க உட்கார்ந்திருக்காரோ அங்க உடனே ஆளை அனுப்புங்க. சாரைக் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க. எனக்குப் போன் பண்றதெல்லாம் அப்புறம்."

ஆல்வின் திரும்பித் திரையைப் பார்த்தான். "அழிச்சிட்டேன்னு சொன்னீங்களே மேடம்."

"நடக்கிறவரை அழிச்சிட்டேன்," என்றாள் குமுதினி.

ஐப்பசி மழை வலுத்த ஒரு வியாழக்கிழமை முற்பகல், கோயம்புத்தூரில் அவள் வீட்டில் இருந்தபோது ஆல்வினின் அழைப்பு வந்தது. குரல் கிசுகிசுப்பாக இருந்தது, பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல.

"மேடம், அண்ணன் வந்திருக்கார்."

குமுதினிக்குக் கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. எழுதியவள் அவளேதான், இருந்தாலும் அப்படி ஆயிற்று. "எங்க?"

"மூணாம் குழாய்ச் சுரங்கத்துல. உயிரோட இருந்தப்ப அந்தப் பக்கமே போனவர் இல்ல. நட்டநடு வழியில உட்கார்ந்திருக்கார். சும்மா உட்கார்ந்திருக்கார் மேடம்."

"அங்க யாரு வேலை பார்க்கிறாங்க?"

"பெயின்ட் அடிக்க ரெண்டு பேர் போயிருக்காங்க. படத்துல ரெண்டு பேரும் நல்லாத்தான் வேலை பார்த்துக்கிட்டு இருக்காங்க. அண்ணனைத் தாண்டித் தாண்டிப் போறாங்க."

"ஆளை அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பிட்டேன். ஓடியிருக்காங்க. சாருக்கு இன்னும் தெரியாது."

"எத்தனை நிமிஷம் ஆச்சு அனுப்பி?"

"நாலு."

குமுதினி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். "அந்த ரெண்டு பேரைப் பார்க்காதீங்க ஆல்வின். அது நிரப்பி வரையிறது. அந்த இடத்துல கேபிள் பேசலை. எந்த இடத்துல அஞ்சு நிமிஷத்துக்கு மேல கேபிள் பேசலையோ அந்த இடத்துல அவர் வந்து உட்காருவார். வெற்று வட்டம் போட விட மாட்டேன்னுட்டாங்க. அதனால அவரைப் போட்டேன்."

இருவரும் போனை வைக்கவில்லை. ஆல்வின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், குமுதினி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழாவது நிமிடத்தில் அந்தப் பக்கம் ஒரே கூச்சல் கேட்டது, யாரோ ஓடி வரும் காலடி கேட்டது. சுவரில் ஊற்று உடைத்துக்கொண்டு சுரங்கத்தில் இடுப்பளவு தண்ணீர் ஏறியிருக்கிறது. இரண்டு பேரும் சாரத்தின் மேல் தொற்றிக்கொண்டு கத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒருவனுக்குக் கை முறிந்திருந்தது. ஆனால் இரண்டு பேரும் பேசினார்கள், தண்ணீர் கேட்டார்கள், உயிரோடு இருந்தார்கள்.

"அவர் இன்னும் அங்கதான் உட்கார்ந்திருக்கார் மேடம்," என்றான் ஆல்வின். இப்போது அவன் குரலில் பயம் இல்லை.

குமுதினி முகத்தைக் கழுவிக்கொண்டு கோகிலத்துக்குப் போன் செய்தாள். பதினாறாம் நாளுக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை. எடுப்பாளா என்றுகூடச் சந்தேகமாக இருந்தது. எடுத்தாள். குமுதினி நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். தண்ணீர் உடைத்தது, இரண்டு பேர் மாட்டிக்கொண்டது, திரையில் அங்கமுத்துவைப் பார்த்து ஆட்கள் ஓடியது.

மறுமுனையில் மழை தகரத்தில் விழுவது கேட்டது.

"உட்கார்ந்துதானே இருந்தாரு?" என்று கேட்டாள் கோகிலம்.

"ஆமாக்கா. உட்கார்ந்துதான் இருந்தார்."

"இன்னும் இருக்காரா?"

"இருக்கார். கேபிளைச் சரிபண்ணினதும் எழுந்து போயிடுவார்."

"அவசரம் ஒண்ணும் இல்லம்மா," என்றாள் கோகிலம். "மெதுவாவே எழுந்திருக்கட்டும்."